காரில் வீட்டு கேம் கன்சோல்: வாட் கணக்கு முதல் ஃபியூஸ் வரை

உங்கள் காரின் லைட்டர் சாக்கெட் மூடியைத் திறந்து பாருங்கள். பல சிறிய வண்டிகளில் ‘12 வோல்ட், 120 வாட்’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதே சாக்கெட்டில் செருகி, காரின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி ‘500 வாட்’ இன்வெர்ட்டரைக் கடையில் விற்பார்கள். குடம் பெரிதாக இருந்தால் குழாயில் தண்ணீர் கூடுதலாக வந்துவிடாது. இது எனக்குப் புரிவதற்கு இரண்டு ஃபியூஸ்கள் போக வேண்டியிருந்தது. விக்கிரவாண்டி அருகே ஓர் உணவகத்தின் வாசலில் முன்பின் தெரியாத நான்கு பேர் என் வண்டியைத் தள்ளவும் வேண்டியிருந்தது.

அன்று செய்த தவறு எளிமையானது. நாங்கள் உள்ளே சாப்பிடப் போனோம். பிள்ளைகள் இருவரும் ‘ஆட்டம் முடியட்டும்’ என்று பின் சீட்டிலேயே இருந்துவிட்டார்கள். இன்ஜின் அணைந்திருந்தது, சாவி மட்டும் ஒரு படி திருப்பியபடி. ஐம்பது நிமிடம் கழித்து வந்து சாவியைத் திருப்பினால் ‘டக் டக்’ என்ற சத்தம் மட்டுமே கேட்டது. ஆட்டோமேட்டிக் கியர் வண்டியாக இருந்திருந்தால் தள்ளியும் பயன் இருந்திருக்காது.

காரில் கன்சோல் இயக்குவதற்கு மின்னழுத்தம் பெரிய தடையே இல்லை. 12 வோல்ட்டை 230 ஆக்கும் பெட்டி எங்கும் கிடைக்கிறது. எத்தனை ஆம்பியர் இழுக்கிறோம், அதை எந்த வயர் வழியாக, எந்த நேரத்தில் இழுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னிடம் இருப்பது பெட்ரோலில் ஓடும் சிறிய ஹேட்ச்பேக்கும் ஒரு பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம்மும். அதை வைத்தே விளக்குகிறேன். மற்ற கன்சோல்களையும் இடையிடையே தொட்டுக்கொள்ளலாம்.

முதல் படி: வீட்டிலேயே அளந்துவிடுங்கள்

கன்சோலின் அடியில் அச்சிட்டிருக்கும் வாட் அளவு, அது அதிகபட்சமாக எவ்வளவு கேட்கக்கூடும் என்பதைச் சொல்கிறது. விளையாடும்போது உண்மையில் இழுப்பது அதைவிடக் குறைவு. பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம்மில் 165 வாட் என்று போட்டிருக்கிறது. சுவர் பிளக்கில் செருகும் வாட் மீட்டரை வைத்து என் வீட்டில் பார்த்தபோது ஆட்டத்துக்கு ஆட்டம் 75 முதல் 95 வரை காட்டியது. அந்த மீட்டருக்கு ஆகும் செலவு இந்த வேலையிலேயே மிகச் சிறியது. அதை வாங்காமல் இன்வெர்ட்டர் வாங்கப் போகாதீர்கள்.

எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் ஏறக்குறைய இதே வரம்பில், பல ஆட்டங்களில் இன்னும் குறைவாகவே இழுக்கும். வட்டு இயக்கி இல்லை, உள்ளே சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி சேமிப்பகம் மட்டுமே. காருக்காகவே ஒன்றை வாங்குவதென்றால் நான் அதைத்தான் வாங்குவேன். பிளேஸ்டேஷன் 5 கனமான ஆட்டங்களில் 200 வாட்டைத் தொடும். அதைக் காரில் இயக்க முடியும்தான். ஆனால் அவ்வளவு பெரிய பெட்டியை எங்கே வைப்பது, அதன் வெப்பம் எங்கே போவது என்று யோசித்தால் வீட்டிலேயே விட்டுவிடத் தோன்றும்.

இரண்டாம் படி: ஆம்பியர் கணக்கு

கன்சோலுக்கு 90 வாட், சிறிய மானிட்டருக்கு 10 வாட், ஆக மொத்தம் 100. இன்வெர்ட்டர் தன் பங்குக்குக் கொஞ்சம் வெப்பமாக வீணாக்கும். 85 சதவீதம் திறன் என்று வைத்துக்கொண்டால் பேட்டரியிலிருந்து சுமார் 118 வாட் போக வேண்டும். அதை 12-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 10 ஆம்பியர்.

120 வாட் சாக்கெட் என்றாலும் 10 ஆம்பியர் சாக்கெட் என்றாலும் ஒன்றுதான். அதாவது நாம் விளிம்பில் நிற்கிறோம். சில வண்டிகளில் இந்த ஃபியூஸ் 15 அல்லது 20 ஆம்பியராக இருக்கும். வண்டியின் கையேட்டில் ஃபியூஸ் பக்கத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்படி இருந்தாலும் லைட்டர் பிளக்கின் நுனியில் மின்சாரம் கடப்பது ஒரு சிறு ஸ்பிரிங் வழியாகத்தான். சிகரெட் பற்றவைக்கச் சில விநாடிகள் சூடாக்குவதற்குச் செய்த அமைப்பு அது. மூன்று மணி நேரம் தொடர்ந்து 10 ஆம்பியர் போனால் பிளக் இளகத் தொடங்கும். ஃபியூஸ் போகிறதே என்று அதே இடத்தில் பெரிய ஃபியூஸைப் போடுவோர் உண்டு. ஃபியூஸ் இருப்பது வயரைக் காப்பாற்ற. ஃபியூஸைப் பெரிதாக்கினால் அடுத்து உருகப்போவது டேஷ்போர்டுக்குள் ஓடும் வயர்தான்.

மூன்றாம் படி: இன்வெர்ட்டர் உண்மையிலேயே வேண்டுமா?

12 வோல்ட் நேர்மின்சாரத்தை 230 வோல்ட் மாறுமின்சாரமாக்குகிறோம். கன்சோலின் பவர் சப்ளையோ அதைத் திரும்பவும் நேர்மின்சாரமாக இறக்குகிறது. மூக்கைச் சுற்றித் தொடும் இந்த வேலையைத் தவிர்க்க முடிந்தால் தவிர்ப்பதே நல்லது.

நிண்டெண்டோ ஸ்விட்ச்தான் இதில் எல்லாவற்றிலும் எளியது. அதன் அடாப்டர் 15 வோல்ட், 2.6 ஆம்பியர், அதாவது 39 வாட் தருகிறது. லைட்டர் சாக்கெட்டில் செருகும், சாதனம் கேட்கும் வோல்ட்டைத் தரத் தெரிந்த 45 வாட் யூஎஸ்பி-சி பிடி சார்ஜர் ஒன்று போதும். டிவியோடு இணைக்கும் டாக்கில் வைத்துப் பெரிய திரையில் விளையாட வேண்டுமானால் சார்ஜரின் மேல் அச்சிட்ட பட்டியலில் 15 வோல்ட் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஸ்விட்ச் வைத்திருப்பவர்கள் இதற்குமேல் வயர் வேலை எதையும் படிக்கத் தேவையில்லை. திரை, வெப்பம் பற்றிய பகுதிகளுக்குப் போய்விடலாம்.

பழைய கன்சோல் பிரியர்களுக்கும் நல்ல செய்தி உண்டு. நிண்டெண்டோ வீயின் அடாப்டர் 12 வோல்ட், 3.7 ஆம்பியர். வெளியே அடாப்டர் உள்ள பிளேஸ்டேஷன் 2 ஸ்லிம் 8.5 வோல்ட்டில் இயங்குகிறது. ‘வீக்கு 12 வோல்ட்தானே, நேராகக் கொடுத்துவிடலாம்’ என்று தோன்றும். கொடுக்காதீர்கள். காரின் ‘12 வோல்ட்’ என்பது வெறும் செல்லப்பெயர். முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும்; இன்ஜின் ஓடும்போது, அதனால் சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் அதை 14 வோல்ட்டுக்கு மேலும் கொண்டுபோகும்; ஸ்டார்ட் செய்யும் கணத்தில் 10-க்கும் கீழே சரியலாம். இடையில் பொறி தெறித்தாற்போல் மின்னழுத்தத் துள்ளல்களும் வரும். எனவே வீக்கு மின்னழுத்தத்தை ஏற்றவும் இறக்கவும் தெரிந்த, 12 வோல்ட்டை நிலையாகத் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டர் வேண்டும். பிளேஸ்டேஷன் 2-க்கு இறக்குகிற வகை மட்டும் போதும். வெளியீட்டை மல்டிமீட்டரில் பார்த்து, பிளக்கின் உள்முனை எது, வெளிமுனை எது என்று உறுதிசெய்த பிறகே கன்சோலில் செருகுங்கள்.

எக்ஸ்பாக்ஸ் 360-இன் வெளி பவர் சப்ளையும் 12 வோல்ட் தருவதால் பலருக்கு ஆசை வரும். முதல் மாடலில் அது 16.5 ஆம்பியர், கூடவே தனியாக ஒரு 5 வோல்ட் இணைப்பும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் செய்யட்டும். மற்றவர்கள் இன்வெர்ட்டர் வழியாகவே போவது நல்லது.

நான்காம் படி: இன்வெர்ட்டர் தேர்வு

உண்மையான சுமையைப்போல் இரண்டரை அல்லது மூன்று மடங்கு வாங்குங்கள். என் 100 வாட்டுக்கு 300 வாட் இன்வெர்ட்டர். பெட்டியில் பெரிய எழுத்தில் போடுவது பெரும்பாலும் ஒரு கணம் தாங்கும் உச்ச அளவு. ‘தொடர்ச்சியாக’ என்று தனியாக எழுதியிருக்கும் எண்ணையே கணக்கில் எடுங்கள்.

‘ப்யூர் சைன் வேவ்’ வகைதான் வேண்டும். விலை குறைந்த ‘மாடிஃபைடு சைன் வேவ்’ பெட்டிகள் தருவது படிக்கட்டு வடிவ அலை. மின்விசிறியில் அதன் முணுமுணுப்பு கேட்கும். கன்சோலின் பவர் சப்ளை தேவையின்றிச் சூடாகும், சில நேரம் தொடங்கவே மறுக்கும். இங்கே மிச்சம் பிடிக்கும் பணம் பிறகு கன்சோலைப் பழுது பார்க்கப் போய்விடும்.

வெளியே வருவது 230 வோல்ட் என்பதைப் பிள்ளைகளுக்கு ஒருமுறை கண்டிப்பாகச் சொல்லுங்கள். சிறிய பெட்டியாக இருந்தாலும் ஷாக் வீட்டில் அடிப்பதுபோலவே அடிக்கும். தண்ணீர் பாட்டில் சாய்ந்தால் நனையாத இடத்தில் அது இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பேட்டரியிலிருந்து தனி வயர்

இதுதான் முக்கியமான வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதையும் இதற்கு ஒதுக்குங்கள். கை நடுங்குகிறவர்கள் நல்ல ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். ஆனால் கீழே சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். ‘ஃபியூஸ் எதற்கு சார், நான் போட்ட வயர் ஒன்றும் ஆகாது’ என்பவர் இருந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள். உத்தரவாதம் முடியாத வண்டி என்றால், தொழிற்சாலை போட்ட எந்த வயரையும் வெட்டாமல் செய்ய வேண்டும். இந்த முறையில் வெட்ட வேண்டிய தேவையே வராது.

வயர்: நான் போட்டது 6 சதுர மில்லிமீட்டர், பல இழை, வண்டிக்கென்று செய்த உறையுடன். வீட்டுக்குப் போடும் வயரில் இன்ஜின் பக்கத்துச் சூடு பட்டால் உறை காய்ந்து வெடிக்கும். கார் ஆடியோ கடைகளில் தடிமனாகவும் மலிவாகவும் கிடைப்பது பெரும்பாலும் தாமிரம் பூசிய அலுமினியம். இழையைக் கத்தியால் லேசாகச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்; அது வேண்டாம். பேட்டரியிலிருந்து முன் சீட்டின் அடி வரை மூன்று மீட்டர் தூரத்துக்கு இந்த வயரில் 25 ஆம்பியர் போனாலும் இழப்பு கால் வோல்ட்டைத் தாண்டாது. இன்வெர்ட்டரை டிக்கியில் வைத்து இருமுனையும் வயராகவே இழுப்பதென்றால் 10 சதுர மில்லிமீட்டருக்குப் போங்கள்.

ஃபியூஸ்: 25 ஆம்பியர், நீர் புகாத ஹோல்டரில், பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். இன்வெர்ட்டருக்குள் ஏற்கெனவே ஃபியூஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். வழியில் எங்காவது உறை உரசித் தேய்ந்து வயர் வண்டியின் உடலைத் தொட்டால், கோளாறு நடப்பது இன்வெர்ட்டருக்கு முன்பு. அங்கே அந்த உள் ஃபியூஸ் எதையும் தடுக்காது. தடையில்லாமல் கிடைத்தால் கார் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியர்களைக் கொட்டும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாற்றிச் செய்தால் ஸ்பேனர் தவறி வண்டியின் உடலில் படும்போது தீப்பொறி பறக்கும். கடிகாரமும் தானியங்கிக் கண்ணாடிகளும் மறந்துபோகும், பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

பானெட்டுக்கும் உள்ளறைக்கும் இடையே உள்ள தகட்டில் ஏற்கெனவே வயர்க் கட்டு நுழையும் ரப்பர் வளையம் ஒன்று இருக்கும். அதன் ஓரத்தில் சிறிய துளையிட்டு உங்கள் வயரை நுழைப்பதே நல்ல வழி. புதிதாகத் தகட்டில் துளை போட்டால் அதன் விளிம்பு கத்திபோல் இருக்கும். ரப்பர் வளையம் இல்லாமல் வயரை அதில் விடவே கூடாது. இன்ஜின் பக்கம் வயருக்கு மேல் நெளிவுக் குழாய் மாட்டி, புகைக்குழாயிலிருந்தும் சுழலும் பெல்ட்டிலிருந்தும் விலக்கிக் கட்டுங்கள். உள்ளே கதவோரத்து பிளாஸ்டிக் பட்டையின் அடியில் ஓட்டலாம். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற உறையுள்ள வயர்கள் தென்பட்டால் தொடாதீர்கள். அவை ஏர்பேக் இணைப்புகள்.

நெகட்டிவை, வண்டியின் உடலில் தொழிற்சாலை வைத்த எர்த் போல்ட் ஒன்றில் இணையுங்கள், பெயிண்ட்டைச் சுரண்டி, வயர் நுனியில் தாமிர லக் (போல்ட்டில் மாட்டும் வளையம்) வைத்து இறுக்கமாக. சீட் பெல்ட் போல்ட்டைக் கழற்றி அதில் எர்த் கொடுக்கும் பழக்கம் உண்டு. அது உயிரைப் பிடித்து வைக்கும் போல்ட், அதில் கை வைக்க வேண்டாம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே சிறிய சென்சார் பொருத்தியிருக்கும் வண்டிகளில் அந்த முனையில் நேராக இணைக்கக் கூடாது. சென்சாரை ஏமாற்றியதாகி, பேட்டரியின் கணக்கு தவறிவிடும். லக்குகளைச் சரியான இடுக்கியால் நசுக்கிப் பொருத்துங்கள். கட்டிங் பிளேயரால் நசுக்கியது ஆறு மாதத்தில் தளரும். தளர்ந்த இணைப்பு சூடாகும்.

ஆறாம் படி: தானாக அணைய ஒரு ஏற்பாடு

இன்வெர்ட்டரிலும் ‘பேட்டரி குறைந்தால் அணையும்’ வசதி இருக்கிறது. அது பெரும்பாலும் 10.5 வோல்ட்டுக்கு அருகில்தான் வேலை செய்யும். பேட்டரி 12.2 வோல்ட்டில் இருக்கும்போதே ஏறக்குறையப் பாதி காலி; 10.5-க்கு இறங்கினால் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றாது. உணவக வாசலில் என்னைக் கைவிட்டது இதுதான். இன்னொன்று: ஆட்டம் ஓடாவிட்டாலும், போட்டபடி விட்ட இன்வெர்ட்டர் அரை ஆம்பியராவது குடித்துக்கொண்டிருக்கும். மூன்று நாள் வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போனால் 36 ஆம்பியர்-மணி போய்விடும். சிறிய கார்களின் பேட்டரியே மொத்தம் 35 ஆம்பியர்-மணிதான்.

இதற்கு, சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்சான ரிலே ஒன்று போதும். ஃபியூஸிலிருந்து வரும் வயர் ரிலேயின் 30-ஆம் முனைக்கு, 87-இலிருந்து இன்வெர்ட்டருக்கு, 85 எர்த்துக்கு, 86-ஐ, சாவியை ‘ஆன்’ நிலைக்குத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகிக் கிளை வயர் எடுக்கும் துண்டு) மூலம் எடுக்கலாம். 40 ஆம்பியர் ரிலே வாங்குங்கள். சாவியை எடுத்தால் எல்லாம் அணைந்துவிடும். ‘ஆன்’ நிலையில் விட்டுவிட்டு இறங்கிப் போகும் ஆபத்து மட்டும் மிஞ்சும். அதையும் மூட வேண்டுமானால் மின்னழுத்தத்தைப் பார்த்து இயங்கும் ரிலே கிடைக்கிறது. ஆல்டர்னேட்டர் ஓடி மின்னழுத்தம் 13.3 வோல்ட்டைத் தாண்டும்போது இணைத்து, 12.8-க்குக் கீழே வந்தால் துண்டிக்கும். எரிபொருள் மிச்சத்துக்காக ஆல்டர்னேட்டரை அடிக்கடி தளர்த்தும் புதிய வண்டிகளில் இது நடு ஆட்டத்தில் துண்டித்துவிடும். அங்கே சாவி ரிலேயே நல்லது.

ஏழாம் படி: தொடங்கும் வரிசையும் சோதனையும்

முதலில் இன்ஜின், பிறகு இன்வெர்ட்டர், கடைசியில் கன்சோல். நிறுத்தும்போது இதன் தலைகீழ். ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மின்னழுத்தம் சரியும் என்றேன் அல்லவா? அப்போது கன்சோல் ஓடிக்கொண்டிருந்தால் ‘முறையாக அணைக்கவில்லை’ என்று திட்டும். சேமித்த ஆட்டமும் கெடலாம். சிக்னலில் தானாக இன்ஜினை அணைத்து மீண்டும் கிளப்பும் வசதி உள்ள வண்டிகளில், பயணம் முழுவதும் அந்தப் பொத்தானை அணைத்து வையுங்கள்.

முதல் சோதனையை வாசலில், திறந்த வெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிட்டு உட்காருவது கார்பன் மோனாக்சைடால் உயிரையே எடுக்கும். கனமான ஆட்டம் ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு, பேட்டரி முனைகளிலும் இன்வெர்ட்டர் முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். வித்தியாசம் அரை வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். ஃபியூஸ் ஹோல்டரையும் லக்குகளையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கையை இழுத்துக்கொள்ளும் அளவு சூடு என்றால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது.

வெப்பமும் குலுக்கலும்

கன்சோல்களை இயக்கும் அறையின் வெப்பம் 35 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்று பிளேஸ்டேஷன் கையேடு சொல்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் உட்புறம் அதை எப்போதோ தாண்டியிருக்கும். ஏசி போட்டுப் பத்து நிமிடமாவது ஓட்டிய பிறகே கன்சோலைத் தொடங்குங்கள். டிக்கிக்குள் காற்றோட்டம் இல்லை. நான் முன் சீட்டுகளுக்கு இடையே, பின்பக்க ஏசித் துளைக்கு எதிரில், பலகை ஒன்றில் பட்டை போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். இன்வெர்ட்டர் சீட்டுக்கு அடியில், துணியோ பையோ மூடாதபடி.

பிளேஸ்டேஷன் 4-இல் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். நம் வேகத்தடைகளுக்கு அது அதிக நாள் தாங்காது. 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி நீங்களே மாற்றிவிடலாம். மேசைமேல் முக்கால் மணி நேர வேலை. ஓடும் வண்டியில் வட்டு போட்டு விளையாடாதீர்கள். சுழலும்போது குலுங்கினால் வட்டில் வட்டக் கீறல் விழும்.

திரையும் ஒலியும்

யூஎஸ்பி-சி வழியாக இயங்கும் 15 அங்குல மானிட்டர் 10 வாட் அளவில் திருப்தியடைந்துவிடும். லைட்டர் சாக்கெட்டில் செருகிய சாதாரண சார்ஜரே போதும். இன்வெர்ட்டரின் சுமையும் குறைகிறது. முன் சீட்டின் முதுகில், இரு கம்பிகளுக்கும் பட்டை போட்டு, ஓட்டுநரின் கண்ணிலும் பின்கண்ணாடியிலும் படாத கோணத்தில் மாட்டுங்கள். வெறும் கொக்கியில் தொங்கவிட்டால் திடீர் பிரேக்கில் அது பறந்து வரும் பலகை. பக்கவாட்டு ஏர்பேக் விரியும் வழியிலும் இருக்கக் கூடாது. காரின் ஒலிபெருக்கியில் இணைத்தால் இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு ரீங்காரம் கேட்கும். எர்த் இரு வழியில் சுற்றுவதால் வருவது அது. ஹெட்ஃபோனைக் கன்ட்ரோலரிலேயே செருகிவிட்டால் ரீங்காரமும் இல்லை, ஓட்டுகிறவருக்கு நிம்மதியும் உண்டு.

இன்ஜின் அணைந்த பிறகும் விளையாட வேண்டுமா?

அப்படியானால் கார் பேட்டரியை மறந்துவிடுங்கள். ஸ்டார்ட்டருக்கென்று செய்த பேட்டரி சில விநாடிகள் வெள்ளமாகக் கொடுக்கும். மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தால் அதன் ஆயுள் குறையும். தனியாக 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று 256 வாட்-மணி தரும். நம் 118 வாட் கணக்குக்கு இரண்டு மணி நேரம். அதைக் காரின் ஆல்டர்னேட்டரோடு நேராக இணைக்காமல், அதற்கான டிசி-டிசி சார்ஜர் வழியாகவோ, வீட்டிலிருந்தே முழுதாக ஏற்றியோ கொண்டுபோகலாம். மின்சாரக் கார் வைத்திருப்பவர்களில் சிலருக்கு இந்தப் பாடு எதுவும் இல்லை. ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்றவற்றில் வெளிச் சாதனங்களுக்கு 3.6 கிலோவாட் வரை தரும் பிளக்கே இருக்கிறது. கன்சோலோடு சேர்த்து மின்சார அடுப்பையும் இயக்கிக்கொள்ளலாம்.

கிளம்புவதற்கு முந்தின இரவு செய்ய வேண்டிய ஒன்று பலருக்கு மறந்துபோகிறது. டிஜிட்டலாக வாங்கிய ஆட்டங்கள் இணையம் இல்லாத இடத்தில் திறக்க வேண்டுமானால், பிளேஸ்டேஷன் 4-ஐ உங்கள் கணக்கின் முதன்மைக் கன்சோலாகவோ, எக்ஸ்பாக்ஸை வீட்டு எக்ஸ்பாக்ஸாகவோ அமைத்திருக்க வேண்டும். வீட்டு வைஃபையை அணைத்துவிட்டு ஒவ்வோர் ஆட்டத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அப்போது திறக்காத ஆட்டம் உளுந்தூர்ப்பேட்டை தாண்டியும் திறக்காது.